எழுதாமல் விட்ட வரி

பாட்டி விமானத்தைக் கடைசிவரை 'கப்பல்' என்றே சொன்னாள். யுத்தத்துக்கு முந்தி, ஆறேழு வயசில், அப்பா அம்மாவோடு ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவள். வானத்தில் போனாலும் தண்ணியில் போனாலும் ஆளை ஏற்றிக்கொண்டு போவது அவளுக்குக் கப்பல்தான்.

1998 ஜூன் 27ஆம் தேதி சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தைத் திறந்தார்கள். சிப்பாங் சிலாங்கூரில் இருந்தாலும், அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் நெகிரி செம்பிலான் வந்துவிடும். லாபு, நீலாய், பத்தாங் பெனார் என்று வரிசையாகத் தோட்டங்கள். லாபுவுக்கும் நீலாய்க்கும் நடுவில் இருந்தது எங்கள் தோட்டம். லயத்து வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பாட்டி மேலே போகிறதை எண்ணுவாள். "இது பதினேழாவது கப்பல்டா."

எனக்கு அப்போது பத்து வயசு. "விழுந்துடாதா பாட்டி?" என்று கேட்டேன்.

"ஏன் விழுது? செக்ரோல்ல ஏத்தாமயா அனுப்புவாங்க? எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பாங்கடா" என்றாள்.

இந்தக் கட்டுரை பாட்டியின் அந்தப் பதிலைப் பற்றியது. விமானத்துக்கு உண்மையிலேயே ஒரு செக்ரோல் இருக்கிறது என்று பதின்மூன்று வருசம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் படிப்பதுதான் என் பிழைப்பு என்றும் ஆனது.

*

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன் பெரட்டு. எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். கிராணியோ மண்டோரோ செக்ரோல் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். பெயருக்கு எதிரே ஒரு கோடு விழுந்தால் அன்றைக்கு நீங்கள் உண்டு. விழாவிட்டால், நாள் முழுக்க நீங்கள் மரம் வெட்டியிருந்தாலும், இல்லை. அப்புறம் நிரை. இந்த மரத்திலிருந்து அந்த மரம்வரை உன்னுடையது என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். வெட்டு முடிந்தபின் மண்டோர் நிரைக்குள் நடந்து வந்து பார்ப்பார். எந்த மரம் விட்டுப்போனது, எந்த மரத்தில் பட்டைக்கு உள்ளே காயம் பட்டது என்று. மத்தியானம் பால் ஸ்டோரில் பாலை நிறுப்பார்கள். தண்ணீர் கலந்த பாலா, கெட்டியான பாலா என்று பார்க்க ஒரு மிதவைக் கருவியை விடுவார்கள். அந்தக் கருவி காட்டுவதும் கிராணி எழுதுவதும் ஒன்றுதானா என்பதில் என் அப்பாவுக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்தது.

ஆக, எழுதுவது, எண்ணுவது, சரிபார்ப்பது எல்லாம் எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. தரச்சான்று என்பதும் புதிதில்லை. ஒருகாலத்தில் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். 1965இல் மலேசியா எஸ்எம்ஆர் என்ற தர முறையைக் கொண்டுவந்தது. கண்ணை நம்பாதே, சோதனைக்கூடத்து எண்ணை நம்பு என்பதுதான் அதன் சாரம். ரப்பரில் அழுக்கு எத்தனை சதவீதம், சாம்பல் எத்தனை, ஈரம் எத்தனை என்று அளந்து பொதியின்மேல் குறித்துவிட வேண்டும். ஒருகாலத்தில் எஸ்எம்ஆர் 10 என்றால் அழுக்கு 0.10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருந்தார்கள். எஸ்எம்ஆர் 20 என்றால் 0.20. அப்படி முத்திரை குத்திய ரப்பர் உலகமெல்லாம் போனது. இன்றைக்கும் விமானத்தின் டயரில் இயற்கை ரப்பர்தான் பெரும்பங்கு. தரை தொடும் அந்த ஒரு நொடிச் சூட்டையும் அடியையும் தாங்குவதில் செயற்கை ரப்பர் அதற்கு ஈடாகவில்லை.

விமானத்தின் காலில் எங்கள் ஆட்களின் உழைப்பு இருந்தது. விமானத்தின் மூளையில் இருப்பது என்ன என்பதுதான் அடுத்த கதை.

*

விமானப் பாதுகாப்பின் வரலாறு வெகுகாலம் உலோகத்தின் வரலாறாகவே இருந்தது. 1953 மே மாதம் காமெட் என்ற ஜெட் விமானம் கல்கத்தாவில் ஏறிய சில நிமிடத்தில் புயலில் சிக்கிச் சிதறியது. 1954 ஜனவரியில் இன்னொரு காமெட் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. இரண்டுமே சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய பயணங்கள். நம் வட்டாரத்து மனிதர்கள் காத்திருந்து வழியனுப்பிய விமானங்கள். பிரிட்டனில் ஒரு காமெட் உடலை முழுசாகத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, மறுபடி மறுபடி அழுத்தம் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். கடைசியில் அது கிழிந்தது. உலோகம் களைத்துப்போகும் என்ற பாடம் அப்படித்தான் எல்லாருக்கும் உறைத்தது. எத்தனை முறை ஏறி இறங்கினால் களைக்கும் என்று கணக்கிட்டார்கள். விதி எழுதினார்கள்.

எழுபதுகளில் விமானத்துக்குள் கணினி வந்தபோது இந்த அறிவு கைகொடுக்கவில்லை. மென்பொருள் களைப்பதில்லை, துருப்பிடிப்பதில்லை. பத்தாயிரம் மணிநேரம் ஓடினாலும் முதல் நாள் இருந்த மாதிரியே இருக்கும். அதில் இருக்கும் தவறு முதல் நாளிலிருந்தே அங்கே உட்கார்ந்திருக்கும். தன்னுடைய வேளை வரும்வரை சும்மா இருக்கும். இத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை பழுதாகும் என்று ஒரு போல்ட்டுக்குச் சொல்லலாம். ஒரு நிரலுக்கு எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் 1935இலிருந்து இயங்கும் ஆர்டிசிஏ என்ற அமைப்பு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. விமானம் செய்கிறவர்கள், கருவி செய்கிறவர்கள், அரசு அதிகாரிகள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய ஆவணம் 1982 தொடக்கத்தில் வெளிவந்தது. பெயர் டிஓ-178. 1985இல் அதைத் திருத்தி 'ஏ' பதிப்பு. 1992 டிசம்பரில் 'பி'. 2011 டிசம்பரில் 'சி'. ஐரோப்பாவில் இதையே ஈடி-12 என்ற எண்ணில் வைத்திருக்கிறார்கள். முப்பது வருசத்தில் நாலு பதிப்பு. ஒவ்வொரு பதிப்புக்கும் பல ஆண்டு வாதம்.

அதற்குள் விமானமும் மாறியிருந்தது. 1988இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320இல் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கணினி வந்து உட்கார்ந்தது. 1995இல் போயிங் 777 வந்தது. 1997 ஏப்ரலில் மலேசியா தனக்கென வாங்கிய 777 ஒன்று சியாட்டிலில் ஏறி, எங்கும் இறங்காமல் 20,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து சுபாங்கில் வந்து இறங்கியது. அன்றைய உலக சாதனை. அப்பா அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார். அந்த விமானத்தைப் பறக்கவைத்த நிரல்களில் பெரும்பகுதி 'அடா' என்ற மொழியில் எழுதப்பட்டது என்பதெல்லாம் அப்போது எங்களுக்கு எங்கே தெரியும்?

*

டிஓ-178 எங்கேயும் 'நிரலை இப்படி எழுது' என்று சொல்வதில்லை. 'நீ என்ன எழுதினாலும் எதற்காக எழுதினாய் என்று காட்டு' என்றுதான் கேட்கிறது.

முதலில், இந்த மென்பொருள் தவறினால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். விமானமே போய்விடும் என்றால் அது 'ஏ' நிலை. பெரிய அபாயம் என்றால் 'பி'. அப்படியே இறங்கிக்கொண்டு போய், பாதுகாப்புக்கு ஒன்றும் ஆகாது என்றால் 'ஈ'. 1992 பதிப்பின்படி 'ஏ' நிலைக்கு 66 இலக்குகளை நிறைவேற்றிக் காட்ட வேண்டும். 'டி'க்கு 28 போதும். 'ஈ'க்கு ஒன்றுமே வேண்டாம். 2011இல் 'ஏ'க்கான எண்ணிக்கை 71 ஆனது. அவற்றில் பலவற்றைச் செய்தவரே சரிபார்க்கக்கூடாது, இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். மரம் வெட்டுகிறவர் வேறு, நிரையை நடந்து பார்க்கிறவர் வேறு என்ற அதே ஏற்பாடு.

அடுத்தது தடம். மேலே ஒரு தேவை எழுதப்பட்டிருக்கும். 'வேகம் இதற்குக் கீழே போனால் எச்சரிக்கை கொடு' என்பதுபோல. அதிலிருந்து வடிவமைப்புக்கு, அதிலிருந்து நிரலுக்கு, அதிலிருந்து சோதனைக்கு எண்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து கீழே வந்தால் எதுவும் விட்டுப்போகக் கூடாது. கீழிருந்து மேலே போனால் காரணமில்லாமல் ஒரு வரியும் இருக்கக் கூடாது.

கடைசியாக, சோதனை எவ்வளவு போதும் என்ற கேள்வி. 'ஏ' நிலைக்கு மட்டும் ஒரு கடுமையான அளவுகோல் உண்டு. தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு நிரையில் இன்றைக்கு வெட்டு நடக்க மழை இல்லாமல் இருக்க வேண்டும். கூடவே அந்த நிரைக்காரர் வந்திருக்க வேண்டும், அல்லது மாற்றாள் வந்திருக்க வேண்டும். மூன்று நிபந்தனை. எல்லா விதமாகவும் மாற்றிப் பார்த்தால் எட்டுச் சோதனை வரும். ஆனால் நமக்குத் தெரிய வேண்டியது, ஒவ்வொரு நிபந்தனையும் தன்னந்தனியாக முடிவை மாற்ற முடிகிறதா என்பது. மழை இல்லை, நிரைக்காரர் வந்தார், வெட்டு உண்டு. மழை மட்டும் வந்துவிட்டது, வெட்டு இல்லை. மழையும் இல்லை, நிரைக்காரரும் இல்லை, மாற்றாளும் இல்லை, வெட்டு இல்லை. மாற்றாள் மட்டும் வந்தார், வெட்டு உண்டு. நாலே சோதனையில் மூன்றும் தன் பலத்தைக் காட்டிவிட்டது. ஆயிரக்கணக்கான முடிவுகள் உள்ள நிரலில் ஒவ்வொன்றுக்கும் இப்படிக் காட்ட வேண்டும். அதுதான் என் வேலை. பல நிறுவனங்கள் தாண்டி எங்கள் கைக்கு வரும் துண்டு வேலை. ஒரு நாளைக்கு நாலைந்து முடிவுகளைத் தாண்ட முடிந்தால் அது நல்ல நாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். சோதனை எழுதுவதற்காக நிரலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயிற்சி கொடுத்த அக்கா வந்து கணினியை மூடிவிட்டார். "தம்பி, நிரலைப் பாத்து டெஸ்ட் எழுதினா, நிரல் என்ன செய்யுதோ அதத்தான் சரின்னு சொல்லுவீங்க. தேவையைப் பாத்து எழுதுங்க. அதுல என்ன எழுதியிருக்கோ அதுதான் நமக்குச் சட்டம்" என்றார்.

"எழுதாம விட்டிருந்தா?"

அவர் சிரித்தார். பிறகு ஒரு அறிக்கையைப் படிக்கக் கொடுத்தார். பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த விமானம் ஒன்றைப் பற்றியது.

*

2005 ஆகஸ்டு 1. மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச் 124. போயிங் 777-200, பதிவு எண் 9எம்-எம்ஆர்ஜி. 777 என்றதும் நம் மனசு 2014க்குப் போய்விடும். அது வேறு விமானம், வேறு கதை, இன்னும் விடை கிடைக்காத கதை. இந்த விமானம் பத்திரமாகத் திரும்பியது. அதனாலேயே யாருக்கும் ஞாபகம் இல்லை.

பெர்த்தில் ஏறி ஏறக்குறைய 240 கிலோமீட்டர் வடமேற்கே வந்துவிட்டது. 38,000 அடியில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. மாலை ஐந்து மணி இருக்கும். திடீரென்று விமானிகளின் திரையில் இரண்டு எச்சரிக்கை. வேகம் மிகக் குறைவு என்கிறது ஒன்று. அதே நேரத்தில் வேகப் பட்டை, விமானம் எல்லை மீறிய வேகத்தையும் நெருங்குகிறது என்று காட்டுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது. விமானிகள் யோசிப்பதற்குள் ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கிவிட்டது. விமானம் சுமார் 41,000 அடிக்கு ஏறியது. வேகம் 270 நாட்டிலிருந்து 158 நாட்டுக்கு இறங்கியது. விழப்போகிறாய் என்று விமானியின் கைப்பிடி அதிர்ந்தது. தலைமை விமானி ஆட்டோபைலட்டைத் துண்டித்து மூக்கைத் தாழ்த்தினார். எஞ்சின் வேகத்தைக் கணினி தானாகக் கூட்டியது. அவர் கையால் இழுத்துக் குறைத்தார். மூக்கு மறுபடியும் மேலே போனது. ஆட்டோபைலட்டைத் திரும்பவும் இயக்கிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. கையாலேயே ஓட்டிக்கொண்டு பெர்த்துக்குத் திரும்பினார்கள். யாருக்கும் காயமில்லை.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2007 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. குற்றவாளி, விமானம் எப்படி அசைகிறது என்று கணக்கிட்டு மற்ற கணினிகளுக்குச் சொல்லும் ஒரு பெட்டி. அதற்குள் ஆறு முடுக்கமானிகள். ஒன்று கெட்டால் அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை வைத்து ஓடும்படி செய்திருந்தார்கள். ஐந்தாம் எண் முடுக்கமானி 2001 ஜூனிலேயே கெட்டுவிட்டது. மென்பொருள் அதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டது. கழற்றி மாற்ற வேண்டிய அவசியம் இல்லை, அதற்காகத்தானே ஆறு. நாலு வருசம் விமானம் அப்படியே பறந்தது. 2005 ஆகஸ்டு 1 அன்று ஆறாம் எண் கெட்டது. மென்பொருள் அதையும் ஒதுக்கியது. ஆனால் ஒதுக்கும்போது, ஐந்தாம் எண் ஏற்கெனவே கெட்டது என்பதை விட்டுவிட்டது. நாலு வருசத்துக்கு முன் தள்ளிவைத்த பொய்யனை மறுபடி சபைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தது. அவன் சொன்னதை விமானம் நம்பியது.

அறிக்கையில் நான் அன்றைக்கு மூன்று முறை படித்த இடம் ஒன்று உண்டு. என் வார்த்தையில் சொல்கிறேன். அந்த மென்பொருளுக்குச் சான்று கொடுத்தது, ஆரம்ப வடிவமைப்பில் எழுதிய தேவைகளை வைத்துச் சோதித்து. இந்த மாதிரி ஒரு நிலைமை அந்தத் தேவைகளில் அடையாளம் காணப்படவில்லை. ஆகவே சோதிக்கப்படவில்லை.

சோதனை எழுதியவர்கள் சோம்பேறிகள் இல்லை. என் அக்கா சொன்ன மாதிரியே செய்திருக்கிறார்கள். எழுதியிருந்ததை எல்லாம் சோதித்தார்கள். ஒரு கேள்வி மட்டும் எழுதப்படவில்லை.

*

இதற்கு முன்னும் பின்னும் இப்படி நடந்திருக்கிறது. 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து சுபாங்குக்கு வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம். இரண்டு, நான்கு, பூஜ்யம், பூஜ்யம் அடிக்கு இறங்கு என்று கட்டுப்பாட்டு அறை ஆங்கிலத்தில் சொன்னது. அதாவது 2,400 அடி. ஆங்கிலத்தில் 'இரண்டு' என்ற எண்ணும் '-க்கு' என்ற பொருள் தரும் சொல்லும் காதுக்கு ஒன்றுதான். விமானிகள் '400க்கு இறங்கு' என்று கேட்டுக்கொண்டார்கள். விமானம் குன்றில் மோதி நாலு பேரும் இறந்தார்கள். அங்கே மென்பொருள் எதுவும் தவறு செய்யவில்லை. ஆனால் ஒரு கட்டளை இரண்டு பொருள் தரும்படி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் இல்லை. 'தேவைகள் ஐயமின்றி எழுதப்பட வேண்டும்' என்று டிஓ-178 கேட்பதை வெறும் அலுவலகப் பேச்சாக என்னால் படிக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

2008 அக்டோபர் 7. சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குப் போன குவான்டாஸ் ஏ330. ஒரு பெட்டி பொய்யான எண்களை அள்ளிக் கொடுத்தது. வருகிற பொய் எந்த இடைவெளியில் வரும் என்று மென்பொருளை எழுதியவர்கள் நினைத்திருந்தார்களோ, அந்த இடைவெளியில் அது வரவில்லை. விமானம் மூக்குக் குப்புறப் பாய்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அடிபட்டார்கள். பிறகு 2018 அக்டோபரில் ஜகார்த்தாவில் ஏறிய லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியா. இரண்டும் 737 மேக்ஸ். 346 உயிர். அந்த மென்பொருள் தனக்கு எழுதிக்கொடுத்ததை அப்படியே செய்தது. ஒரே ஒரு சென்சாரை நம்பு என்று எழுதியிருந்தது, நம்பியது. அது மூக்கை அழுத்தினால் விமானி சில நொடியில் புரிந்துகொண்டு சரிசெய்துவிடுவார் என்று மேசையில் உட்கார்ந்து எழுதியவர்கள் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தைத்தான் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இப்படிப் படித்துக்கொண்டே வந்தபோது நான் யோசித்தது பாட்டியைப் பற்றி.

*

பாட்டியிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி. குடிமகள் இல்லை. ஆறேழு வயசில் வந்து, அரைநூற்றாண்டுக்கு மேல் இந்த மண்ணில் பால் வெட்டி, இங்கேயே ஆறு பிள்ளை பெற்றவள். பிள்ளைகள் எல்லாம் நீல அட்டை. அவள் மட்டும் சிவப்பு.

1957இல் மலாயா விடுதலை அடைந்தபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், இங்கே இத்தனை ஆண்டு குடியிருந்தேன் என்று காட்ட வேண்டும். தோட்டத்துச் சனத்துக்கு அதற்கு என்ன சான்று? செக்ரோல்தான். பாட்டி போய்க் கேட்டிருக்கிறாள். அவளைப் பற்றிய தாள் மூன்று கிடைத்தது. ஒன்றில் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு. இன்னொன்றில் அவள் அப்பா பெயரே அவள் பெயராகியிருந்தது. மூன்றாவதில் வயசு பத்துக் கூடியிருந்தது. எந்தக் கிராணியும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். செக்ரோலின் வேலை கூலி கொடுப்பது. பெரட்டில் நின்ற ஆளுக்கு ஒரு கோடு விழ வேண்டும், மாசக் கடைசியில் கோடுகளைக் கூட்டிக் காசு கொடுக்க வேண்டும். அந்த வேலையை அது சரியாகவே செய்தது. இந்தப் பெண் நாளைக்கு ஒரு நாட்டின் குடிமகளாக வேண்டியிருக்கும் என்பது அந்தப் புத்தகத்தின் தேவைகளில் எழுதப்பட்டிருக்கவில்லை.

மூன்று தாளும் ஒருத்தியைத்தான் சொல்கின்றன என்று காட்ட வழியில்லாமல் போனது. என் தொழிலில் இதைத் தடம் அறுந்தது என்போம். பாட்டி ரெண்டு தடவை அலைந்துவிட்டு, கூலி போகிறதே என்று விட்டுவிட்டாள்.

1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச்சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறித் திரும்பிப் போனார்கள். எங்கள் லயத்திலிருந்தே நாலு குடும்பம் போனது என்று பாட்டி சொல்வாள். தப்பித்து நின்றவர்களின் பிள்ளைகளில் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள், கல்யாணத்தைப் பதியாமல் விட்டவர்கள் உண்டு. ஒரு தலைமுறையில் விட்டுப்போன வரி அடுத்த தலைமுறையில் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. விடுதலை அடைந்து அரைநூற்றாண்டு கழிந்து, 2011இல், ஆவணம் இல்லாத இந்தியர்களைப் பதிவதற்கென்றே மைடஃப்தார் என்று ஓர் இயக்கத்தை அரசாங்கம் நடத்த வேண்டியிருந்தது. இன்றைக்கும் அந்தக் கதை முடிந்துவிடவில்லை.

எம்எச் 124 திரும்பியது ஆகஸ்டு 1. அந்த மாதம் முடிவதற்குள் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் அவசர ஆணை போட்டது. அந்தப் பெட்டியில் இருக்கும் மென்பொருளைப் பழைய பதிப்புக்கு மாற்றுங்கள் என்று 777 வைத்திருக்கும் எல்லாருக்கும். ஒரு விமானத்தில், ஒரு நாள், யாரும் சாகாமல் நடந்த தவறு. ஒரு மாதத்துக்குள் அதைத் திருத்தச் சொல்லி ஆணை வந்துவிட்டது. டிஓ-178 என்ற ஆவணத்தை நான் மதிப்பது இதனால்தான். அது குறையில்லாதது என்பதால் இல்லை. விட்டுப்போன வரி ஒன்று தெரிந்தால், அதைக் கண்டுபிடித்தவன் யாரென்று பார்க்காமல், எழுதிச் சேர்க்க அங்கே ஒரு வழி இருக்கிறது. பாட்டியின் செக்ரோலுக்கு அப்படி ஒரு வழி இருந்ததில்லை.

இந்த ஒப்பீட்டில் ஒரு பிசகு இருக்கிறது என்று எனக்கே தெரியும். விமானத்தில் போகிறவர்கள் டிக்கெட் வாங்குகிறவர்கள். அவர்கள் செத்தால் கம்பெனி சாயும், அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும். 'ஏ' நிலை என்று அதற்குப் பெயர். தோட்டத்துக் கிழவி ஒருத்தியின் பெயர் தவறாக எழுதப்பட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. 'ஈ' நிலை. இலக்குகள் பூஜ்யம். எது 'ஏ', எது 'ஈ' என்று தீர்மானிக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

*

2009 தொடக்கத்தில் எங்கள் லாபுவிலேயே செம்பனைக் காட்டை எடுத்துக் குறைந்த கட்டண விமானங்களுக்கென்று ஒரு நிலையம் கட்டப்போவதாக அறிவித்தார்கள். ஒரே பேச்சாக இருந்தது. அந்த மாதக் கடைசியிலேயே கைவிட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே நாங்கள் தோட்டத்தை விட்டு நீலாய்க்கு மாறியிருந்தோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தில் எங்களுக்கு வேலை இல்லாமல் போனது. அடுக்குமாடி வீட்டின் சன்னலில் இருந்து பாட்டியால் கப்பல் எண்ண முடியவில்லை. எதிர் பிளாக் மறைத்தது.

நான் வேலையில் சேர்ந்த வருசம் பாட்டி இறந்துவிட்டாள்.

அதற்கு அடுத்த வருசம் ஒரு சோதனையை ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்லாத் தேவைகளும் தேர்ச்சி. ஆனால் நிரலில் ஒரு கிளைக்குள் மட்டும் எந்தச் சோதனையும் நுழையவில்லை. ஒரு சென்சார் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்து, இன்னொன்றும் கெட்டால் மட்டுமே போகிற வழி. தேவைகளில் தேடினேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதிப் போட்டேன். மேலிருந்து பதில் வந்தது. நடைமுறையில் இது நடக்க வாய்ப்பில்லை, மூடிவிடுங்கள் என்று.

மூடாமல் எம்எச் 124 அறிக்கையை இணைத்து மறுபடி அனுப்பினேன். ஏழு வாரம் கடிதப் போக்குவரத்து. எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். எட்டாவது வாரம் தேவைப் பட்டியலில் புதிதாக ஒரு எண் சேர்ந்தது. அதற்கு நான் சோதனை எழுதினேன். முதல் ஓட்டத்திலேயே நிரல் தேர்ச்சி பெற்றது. யாரோ ஒருவர், தேவையில் இல்லாமலே, சரியாக எழுதி வைத்திருந்திருக்கிறார். இனி அந்த நல்ல மனசை நம்பி அது இருக்க வேண்டியதில்லை. எழுதியாகிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பாட்டியின் சிவப்பு அட்டையைக் கேட்டேன். சாமி மாடத்துக்குக் கீழே தகர டப்பாவில் வைத்திருந்தார். பெயரில் அந்த ஓர் எழுத்து இல்லை. பேனா எடுத்து எழுதிவிடலாமா என்று தோன்றியது. எழுதவில்லை. அதை எழுத வேண்டிய இடம் அட்டையில்லை.